கறுப்புத் தாரையில் கால் வைக்காதீர்கள்: சமணர்மலை ஏறுபவர்களுக்கு

மதுரையிலிருந்து தேனி ரோட்டில் போய், நாகமலைப் புதுக்கோட்டையில் இடப்பக்கம் திரும்பினால் கீழக்குயில்குடி. தாமரைக் குளம், கரையில் ஆலமரம், அய்யனார் கோயில், அதற்குப் பின்னால் ஒரே கல்லாக எழுந்து நிற்கிறது சமணர்மலை. கிழக்கு மேற்காகக் கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் நீளம். குடும்பத்தோடு வருபவர்கள், காலை ஓட்டத்துக்கு வரும் பையன்கள், கல்வெட்டுப் பார்க்க வருபவர்கள், பாறை ஏறிப் பழகுகிறவர்கள் என்று எல்லாரும் ஏறுகிற மலை இது.

அடிவாரத்திலிருந்து, சுனையும் சமணச் சிற்பங்களும் இருக்கிற பேச்சிப்பள்ளம் வரை பாறையிலேயே படி வெட்டியிருக்கிறது. அதுவரை யாருக்கும் பிரச்சினை இல்லை. அதற்கு மேல் படி முடிந்து மொட்டைப்பாறை தொடங்குகிறது. பார்த்தால் சாய்வான மொட்டைமாடி மாதிரி இருக்கும். யாரும் பயப்பட மாட்டார்கள். ஆனால் வழுக்குவது அங்கேதான், அதுவும் பெரும்பாலும் இறங்கும்போது. அந்தப் பாறை முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது, நிறத்தால். எந்த நிறத்தில் கால் வைக்கலாம், எதில் கூடாது, எந்த நிறம் தெரிந்தால் திரும்பிவிட வேண்டும் என்பது தெரிந்தால், சமணர்மலை மட்டுமல்ல, யானைமலை, அரிட்டாபட்டிக் குன்றுகள், அழகர்மலை அடிவாரத்துப் பாறைகள் எல்லாமே பிடிபடும்.

முதலில் இந்தப் பாறை ஏன் இப்படி வழவழவென்று உருண்டு கிடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஊரில் நாம் கருங்கல் என்று சொல்வது இதைத்தான். மதுரையைச் சுற்றியுள்ள இந்தக் குன்றுகள் பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், பெரும் அழுத்தத்திலும் சூட்டிலும் உருவானவை. வயது 50 கோடி ஆண்டுகளுக்கு மேல். மேலே கிடந்த மண்ணும் கல்லும் காலப்போக்கில் அரித்துப் போகப் போக, அமுங்கிக் கிடந்த பாறைக்குப் பாரம் குறைகிறது. பாரம் குறைந்தால் பாறை விரிகிறது. அப்படி விரியும்போது மேற்பரப்புக்கு இணையாகவே வெடிப்பு விழுகிறது. வெங்காயத்தோல் மாதிரி, ஒரு அடுக்கு, அதற்கடியில் இன்னொரு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் பெயர்ந்து விழும்போது மூலையெல்லாம் மழுங்கி, கடைசியில் யானை முதுகு மாதிரி ஒரு வளைவு மிஞ்சுகிறது. ஒத்தக்கடையில் இருப்பதை யானை என்றும், மேற்கே நீண்டு கிடப்பதை நாகம் என்றும் மதுரைக்காரர்கள் பார்த்தது சும்மா இல்லை. மதுரையை அழிக்க வந்த யானையும் நாகமும் பசுவும் கல்லாகிப் போனதாகச் சொல்லும் திருவிளையாடல் கதையில் யானைமலை, நாகமலை, பசுமலை மூன்றுமே வந்துவிடும்.

இந்த அடுக்குப் பெயர்தல் இன்னும் நின்றபாடில்லை. நீங்கள் நிற்கிற இடத்துக்குக் கீழேயும் ஒரு அடுக்கு பெயரத் தயாராக இருக்கலாம். கல்லுடைப்பவர்கள் இதைப் பொருக்கு என்பார்கள். புண் ஆறும்போது மேலே கட்டுகிற பொருக்கு மாதிரியேதான்: ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தெரியும், ஓரத்தில் நிமிண்டினால் வந்துவிடும்.

இனி நிறங்கள்.

பாறையில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள் இறங்குவதைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம். தார் ஊற்றிவிட்ட மாதிரி இருக்கும். அதுதான் நீர்த்தாரை. மழை பெய்தால் சுனையிலிருந்தும் பாறையிடுக்கு மண்ணிலிருந்தும் தண்ணீர் வருடா வருடம் அதே வழியாகத்தான் இறங்கும். ஈரம் அதிக நேரம் தங்குவதால் அந்த வழியில் நீலப்பச்சைப் பாசி குடியேறுகிறது. வெயில் காலத்தில் அது காய்ந்து கறுத்து, பாறைக்குச் சாயம் பூசியது போல ஒட்டிக் கிடக்கும். அப்போது அதில் நடந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதனால்தான் பலருக்கு அது ஆபத்து என்றே தெரிவதில்லை. ஆனால் நாலு சொட்டுத் தண்ணீர் பட்டால் போதும், அந்தப் பாசி ஊறி, ஊறவைத்த சப்ஜா விதை மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும். எவ்வளவு நல்ல ஷூ போட்டிருந்தாலும் அதில் நிற்காது.

இதில் இன்னொரு சங்கதி. மழை விட்டு ஒரு மணி நேர வெயிலில் பாறையின் மற்றப் பகுதி காய்ந்துவிடும். தாரை காயாது. மேலே சுனையில் தேங்கிய தண்ணீரும், புல் முளைத்த மண்திட்டில் ஊறிய தண்ணீரும் ஓரிரு நாள் வரைகூடக் கசிந்துகொண்டே இருக்கும். 'நேற்றுத்தானே மழை, இன்று காய்ந்திருக்கும்' என்று கணக்குப் போட்டு ஏறுவதுதான் தப்பு. ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் தாரையை நேராகக் கடக்காதீர்கள். அதன் தலைப்பு எங்கே இருக்கிறதென்று பார்த்து, அதற்கும் மேலே சுற்றிப் போங்கள். கடந்தே ஆகவேண்டும் என்றால், அகலம் ஒரு எட்டுக்குள் இருக்கிற இடமாகப் பார்த்து, பாசியை மிதிக்காமல் தாண்டி வையுங்கள். அப்படி இடம் இல்லையா, அன்றைக்கு அதுதான் உச்சி. திரும்பிவிடுங்கள்.

தண்ணீரின் வழியைப் படிப்பது இந்த மலைகளில் புதிய வித்தை இல்லை. இதே தேனி ரோட்டில் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் கொங்கர்புளியங்குளம். அங்கே சமண முனிவர்கள் தங்கிய குகையின் நெற்றியைப் பாருங்கள். மழைநீர் பாறை முகத்தோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வழிந்து கற்படுக்கைகளை நனைக்காமல் இருக்க, நெற்றியின் நீளத்துக்கும் ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அந்த விளிம்புக்கு வந்ததும் ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் வெளியே சொட்டிவிடும். அந்த நெற்றியிலேயே தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் கொடையாளர்களின் பெயர். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் வெட்டிய விரற்கடை அகலக் காடி இன்னும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

அடுத்தது வெளிர்நிறம். நூற்றாண்டுகளாக வெயில் மழை பட்ட பாறை சாம்பலும் பழுப்புமாக மங்கியிருக்கும். அதற்கு நடுவில் திடீரென்று வெளுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ, பளிச்சென்று ஒரு திட்டுத் தெரிந்தால், அங்கே ஒரு பொருக்கு அண்மையில்தான் பெயர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் திட்டில் நிற்பது பிரச்சினை இல்லை, பிடிப்பு நன்றாகவே இருக்கும். அதன் மேல் ஓரத்தைத்தான் பார்க்க வேண்டும். பெயர்ந்ததன் மிச்சம் அங்கே உதடு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். பிடித்து ஏற வசதியாகத் தெரிவதும் அதுதான், கையோடு வருவதும் அதுதான். பானைக் கடையில் தட்டிப் பார்த்து வாங்குகிறோம் அல்லவா, அதே சோதனை இங்கும். கையை மடக்கி, மணிக்கட்டுப் பக்கத்தால் குத்துங்கள். கையில் வலிதான் வருகிறது, சத்தம் வரவில்லை என்றால் பாறை முழுசு. 'டொப்' என்று அடியில் காற்று இருக்கிற சத்தம் வந்தால் அதில் பாரம் போடாதீர்கள், பின்னால் வருகிறவருக்கும் சொல்லுங்கள். அந்த உதட்டுக்கு அடியில் விரலை நுழைக்கவே கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு: வறண்ட பாறைக்காட்டில் சுருட்டை விரியன் பகலில் சுருண்டு கிடக்கிற இடம் அப்படிப்பட்ட பொருக்குக்கு அடியில்தான். பெயர்ந்து கிடக்கிற பலகைக் கல்லைப் புரட்டிப் பார்க்கிற பழக்கத்தைப் பிள்ளைகளிடம் முளையிலேயே நிறுத்துங்கள்.

சாம்பல்பச்சையிலும் ஆரஞ்சிலும் வட்ட வட்டமாகப் படர்ந்திருப்பது கற்பாசி. வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் வளரக்கூடியது. உள்ளங்கை அகலம் இருந்தால் அது உங்களை விட மூத்ததாகவே இருக்கலாம். காய்ந்திருக்கும்போது காலுக்குப் பிடிப்புதான். சுரண்டாமல் விட்டுவிடுங்கள்.

செங்குத்துப் பாறை முகத்தில் சுண்ணாம்பு வழிந்தது போல வெள்ளைக் கோடு தெரிந்தால் அது பறவை எச்சம். அங்கே மேலே ஒரு விளிம்பில் ராஜாளியோ கழுகோ ஆந்தையோ தங்குகிறது. மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியில் இது மிக முக்கியம். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது, 193 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். லகுடு வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றுக்கும் அந்தக் குன்றுகள் வீடு. குளிர் முடிந்து கோடை தொடங்குகிற மாதங்களில் கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும். ஆள் அருகே போனால் தாய்ப்பறவை எழுந்து பறந்து சுற்றிக்கொண்டே இருக்கும், வெயிலில் முட்டை வெந்துபோகும். வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் அந்த முகத்தை விட்டு விலகி நடங்கள். டிரோன் வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, முன்தள்ளிய பாறைக்கு அடியில் தொங்கும் அரைவட்டக் கறுப்பு. மலைத்தேனீ அடை. பெருந்தேனீ ஒற்றை அடையாகத்தான் கட்டும், மேலே தேனீக்கள் போர்வை மாதிரி மூடியிருக்கும்; ஆள் நெருங்கினால் அந்தப் போர்வையில் அலை அலையாக ஒரு மினுமினுப்பு ஓடும். அது எச்சரிக்கை. புகை, வாசனைத் தைலம், கூச்சல், கல்லெறி இவைதான் அவற்றைக் கிளப்புகிறவை. அடைக்குக் கீழே சூடம் கொளுத்துவதோ சிகரெட் பற்றவைப்பதோ கூட்டத்தையே கொட்டவிடுகிற காரியம். கிளம்பிவிட்டால் கையை வீசி அடிக்கக் கூடாது. நசுங்கும் தேனீயின் வாசம் மற்றவற்றை அழைக்கும். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, நிற்காமல் விலகி ஓடுங்கள். மொட்டைப்பாறையில் ஓடுவதே ஆபத்து என்பதால்தான் அடை இருக்கிற பக்கமே போக வேண்டாம் என்கிறோம். கொடுக்கை உடனே எடுத்துவிடுங்கள், நகத்தால் வழித்தாலும் சரி, எப்படி எடுத்தாலும் சரி, தாமதம்தான் கெடுதல். உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ 108.

நிறத்தில் சேராத ஒன்றும் இருக்கிறது. பாறையின் ஒரு தாது மக்கி மாவாகிக் கழுவிப் போக, மக்காத படிகக்கல் பருமணலாக மேலே உதிர்ந்து கிடக்கும். பாறைக்குச் சொரசொரப்பைத் தருவது இந்தப் படிகக்கல்தான். பாறையோடு ஒட்டியிருக்கும் வரை காலைப் பிடிக்கும். உதிர்ந்து கிடந்தால் தரையில் கடுகைக் கொட்டி அதன்மேல் நடக்கிற மாதிரிதான். சுனைகளின் விளிம்பிலும், சரிவு குறைந்து சமமாகிற இடங்களிலும் இது சேரும். ஏறும்போது கவனிக்காமல் மிதித்துவிடுவோம், இறங்கும்போது அது நம்மைக் கவனித்துக்கொள்ளும்.

கால்

மொட்டைப்பாறையில் கையால் ஏறுவதில்லை, காலால்தான். புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு, சரிவு கூடினதும் பயந்து பாறையோடு படுத்துக்கொள்வது. உடம்பைப் பாறைப் பக்கம் சாய்த்தால் பாரம் காலின்மேல் இறங்காமல், காலை வெளியே தள்ளுகிறது. உராய்வு போய்விடும். இடுப்பைப் பாறையை விட்டு விலக்கி, கால்களுக்கு நேர் மேலே கொண்டுவாருங்கள். விரல் நுனியில் நிற்காமல், பாதத்தின் முன்பாதி முழுதும் படியட்டும், குதிகால் தாழ்ந்திருக்கட்டும். எட்டு சிறியதாக, ஒரு பாதத்தின் நீளத்துக்கு மேல் போகாமல். கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கினால் குதிகால் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம், தாழ்த்தினால் நின்றுவிடும்.

எவ்வளவு சரிவு வரை நடக்கலாம்? போனில் மட்டம் பார்க்கிற செயலி இருக்கிறது, பாறைமேல் வைத்தால் கோணம் சொல்லும். 20 பாகைக்குள் என்றால் பேசிக்கொண்டே நடக்கலாம். 30 வரை பேச்சை நிறுத்திவிட்டுக் காலைப் பார்த்து நடக்க வேண்டும். அதற்கு மேல் போனால், காய்ந்த பாறையில் நல்ல ரப்பர் நிற்கத்தான் செய்யும். ஆனால் நின்றிருக்கிற அதே இடத்தில் கொஞ்சம் மணலோ ஈரமோ சேர்ந்தால் அந்தப் பிடிப்பில் பெரும்பகுதி போய்விடும். கயிறில்லாமல் வருகிறவர்களுக்கு 30 பாகையை எல்லைக்கோடாகச் சொல்வோம். பிள்ளைகளோடு வந்தால் 20.

ஷூவில் ரப்பரின் மென்மைதான் முக்கியம், விலை இல்லை. பெரிய பெரிய பற்கள் வெட்டிய கெட்டியான மலைநடை ஷூ மண்பாதைக்கு ஆனது. பாறையில் அந்தப் பல் நுனிகள் மட்டும்தான் படும். தட்டையான, மெத்தென்ற அடிப்பாகம் உள்ள சாதாரணக் கான்வாஸ் ஷூ இங்கே அதைவிட நன்றாக நிற்கும். நகத்தால் அழுத்தினால் அடிப்பாகத்தில் தடம் விழுந்து மறைய வேண்டும், அதுதான் சோதனை. ரப்பர் செருப்பும் தோல் செருப்பும் வேண்டாம், பாதம் உள்ளே வழுக்கும். வெறுங்கால் நல்ல பிடிப்புதான், ஊர்க்காரர்கள் அப்படித்தான் ஏறுகிறார்கள். ஆனால் உடைந்த பாட்டில் சில்லு எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு எச்சரிக்கை: ஐந்தாறு வருடம் அலமாரியில் கிடந்த ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டு வராதீர்கள். நுரை வகை அடிப்பாகம் காற்றின் ஈரத்திலேயே உள்ளுக்குள் இற்றுப்போகும். பார்க்கப் புதிதாக இருக்கும், சூடான பாறையில் அரை மணி நடந்ததும் அடிப்பாகம் அப்படியே பிரிந்து கையில் வரும். வீட்டிலேயே வளைத்துப் பாருங்கள், பொடி உதிர்ந்தால் தூக்கிப் போடுங்கள்.

நேரம், தண்ணீர்

மார்கழி, தை, மாசி நல்ல காலம். வெளிச்சம் வந்ததும் ஏறி, 10 மணிக்குள் அடிவாரத்துக்கு வந்துவிட வேண்டும். சித்திரை, வைகாசியில் 8 மணிக்குள். பாறை மெதுவாகச் சூடேறி மெதுவாகத்தான் ஆறும். சாயங்காலம் காற்று குளிர்ந்த பிறகும் கல் கொதித்துக்கொண்டிருக்கும். புறங்கையைப் பாறையில் வைத்து ஐந்து எண்ணுங்கள். அதற்குள் எடுக்கத் தோன்றினால் ஏறாதீர்கள்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், கோடையில் 3. மேலே நிழல் இல்லை, சுனைத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் எடுத்துவருகிறவர்கள் அதன்மேல் அச்சடித்த அளவைப் பாருங்கள். பெரிய பொட்டலம் 1 லிட்டருக்கானது. அதைச் சின்ன பாட்டிலில் முழுசாகக் கொட்டிக் குடித்தால் உப்பு கூடிப்போய் தாகமும் வாந்தியும்தான் மிச்சம்.

கோடை மழையும் புரட்டாசி, ஐப்பசி மழையும் மதுரையில் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு இடியோடு வரும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, உடனே இறங்க வேண்டும். உச்சியில் தனியாக நிற்கும் கல்தூணோ மரமோ ஒதுங்குகிற இடம் இல்லை. ஆழமில்லாத குகை வாயும் இல்லை.

வழியில் இருப்பவை

அய்யனார் கோயில் வளாகத்தில் செருப்போடு நடக்காமல் சுற்றிப்போய்ப் படியைப் பிடியுங்கள். நிதானமாக ஏறினால் கால் மணியிலிருந்து இருபது நிமிடத்தில் பேச்சிப்பள்ளம். சுனை, அதன் மேற்பாறையில் வரிசையாக எட்டுப் புடைப்புச் சிற்பங்கள். சமணத் துறவி பாகுபலியும், சமணர்கள் வணங்கும் பார்சுவநாதர் முதலிய தீர்த்தங்கரர்களும். 9, 10ஆம் நூற்றாண்டு வேலை. ஒவ்வொன்றுக்கும் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில், யார் செய்வித்தது என்று ஓரிரு வரி. அதில் ஒன்று, அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்கிறது. மதுரையைச் சுற்றிப் பல குன்றுகளில் பெயர் காணக் கிடைக்கிற அந்தத் துறவிக்கு ஒரு அம்மா இருந்ததும், அவள் பெயரும், இந்த ஒரு வரியால்தான் நமக்கு மிஞ்சியிருக்கிறது.

உச்சி வெயிலில் அந்த எழுத்து கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் சிலர் சாக்பீஸால், மாவால், தண்ணீரால் எழுத்தை நிரப்பிப் படமெடுக்கிறார்கள். செய்யாதீர்கள், சாக்பீஸ் தூள் பாறையின் நுண்துளையில் தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும், அங்கே பாசி வரும், பாசிக்குப் பின்னால் எழுத்து உதிரும். கை டார்ச் ஒன்று போதும். பாறை முகத்துக்குப் பக்கவாட்டில், ஏறத்தாழ ஒட்டினாற்போல வைத்து ஒளியைச் சாய்வாக ஓட்டுங்கள். வெட்டின் ஒரு கரையில் வெளிச்சமும் மறுகரையில் நிழலும் விழுந்து, எழுத்து பாறையை விட்டு எழுந்து நிற்கும். ஒளியை இடப்பக்கத்திலிருந்து ஒரு முறை, மேலிருந்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் மறைந்த கோடு மற்றதில் தெரியும். சிற்பத்தைத் தொட வேண்டாம், கை வியர்வையும் எண்ணெயும் படிந்த இடம் தனியாகக் கறுத்துவிடும்.

பேச்சிப்பள்ளத்துக்கு மேலே பாறையில் ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளி என்ற பழைய சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. அதற்கும் மேலே விளக்குத்தூணும் அதன் பக்கத்தில் பாறையில் வெட்டிய கன்னடக் கல்வெட்டும். இவ்வளவு தூரத்துக்கு மொத்தம் முக்கால் மணி வைத்துக்கொள்ளலாம். கல்வெட்டுகள் தரையோடு தரையாக இருப்பதால் மிதித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பாறையில் கோடுகள் தெரிந்தால் சுற்றி நடங்கள்.

கயிறு போடுகிறவர்களுக்கு

சமணர்மலை கயிறு போடுகிற இடம் இல்லை. பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் தொல்லியல் சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தத்துக்குப் பிறகு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சட்டத்தை விடுங்கள், பாறைக்கே ஆகாது. ஆணி அடிக்க 8 சென்டிமீட்டர் துளை போடுகிறோம் என்றால், அடுக்கடுக்காகப் பெயர்கிற இந்தக் கல்லில் அது மேல் அடுக்கிலேயே முடிந்துபோகலாம். ஆணி பொருக்கில் நிற்கும், பொருக்கு எதிலும் நிற்காது. யானைமலையிலும் அதே கதை. கி.பி. 770இல் மாறன்காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயில் அதன் அடியில் இருக்கிறது, தமிழிக் கல்வெட்டு இருக்கிறது. அந்த மலையை ஊர் மக்கள் போராடிக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

சிற்பமோ கல்வெட்டோ கோயிலோ வெள்ளைக் கோடோ இல்லாத பாறையாகப் பார்த்து, ஊர்ப் பெரியவர்களிடமும், வனத்துறை இடமென்றால் அவர்களிடமும் கேட்டுக்கொண்டு, மேலே இயற்கையான பிடிமானத்தில் கயிறைக் கட்டி ஏறிப் பழகலாம். பிடிமானம் எப்போதும் இரண்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல். மரம் என்றால் தொடைக் கனம், உயிருள்ளது, மண்ணில் வேர்விட்டது. பாறாங்கல் என்றால் எவ்வளவு பெரியது என்பதைவிட எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். சரிவுப் பாறையில் உருண்டைக்கல் லாரி அளவு இருந்தாலும் நம்பக் கூடாது. இரண்டு பிடிமானத்திலிருந்து வரும் பட்டைகள் சேருமிடத்தில் கோணம் 60 பாகைக்குள் இருக்கட்டும். 60இல் ஒவ்வொன்றும் பாரத்தில் 58 சதவீதம் தாங்கும். 120 ஆனால் ஒவ்வொன்றும் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டிவரும், இரண்டு கட்டியும் பிரயோசனமில்லை.

ஹார்டுவேர் கடை நைலான் கயிறு கிணற்றுக்கும் லாரிக்கும் ஆனது. ஆள் விழும்போது இழுபட்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளாது. அந்த அடி முழுக்க இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் வரும். பாறையேற்றத்துக்கான விரியும் கயிறுதான் வேண்டும். அதன் முனையில் இ.என். 892 (EN 892) என்ற ஐரோப்பியத் தரக் குறி இருக்கும். பாறை விளிம்பில் கயிறு உரசுகிற இடத்தில் சாக்கை நாலாக மடித்துப் போடுங்கள். 8 வடிவ முடிச்சுக்கு வெளியே வால் குறைந்தது ஒரு சாண். தலைக்கவசம் கீழே நிற்கிறவருக்கும் வேண்டும், பொருக்கு விழுவது அவர்மேல்தான்.

இறக்கம்

ஏறும்போது அவ்வப்போது திரும்பிப் பார்த்து, இறங்கும்போது எப்படித் தெரியும் என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். உருண்ட பாறையில் மேலே நின்றால் உங்களுக்குக் கீழே இருக்கிற வளைவு தெரியாது. எல்லாச் சரிவும் ஒரே மாதிரி தெரியும், பத்தடி தள்ளிப் போனால் 20 பாகை 40 ஆகியிருக்கும். படி முடிந்த இடத்தைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும். வண்ணம் அடித்து அம்புக்குறி போடாதீர்கள்.

இறங்கும்போது பாறைக்கு முதுகைக் காட்டி, முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, முழுப் பாதமும் படிய, குறுக்கும் நெடுக்குமாக வளைந்து இறங்குங்கள். நேராக இறங்கினால் வேகம் சேர்ந்துவிடும். பின்பக்கம் சாய்ந்தால் குதிகால் மட்டும் படும், அப்போதுதான் சறுக்கும். சந்தேகம் வந்தால் உட்கார்ந்து கைகளையும் ஊன்றி நகருங்கள், பேண்ட் கிழிந்தால் கிழியட்டும். ஒருவர் பின்னால் ஒருவர் நேர்கோட்டில் இறங்காமல் பக்கவாட்டில் இடைவெளி விடுங்கள். மேலிருப்பவர் சறுக்கினால் கீழிருப்பவரையும் வாரிக்கொண்டு போவார். கணுக்கால் பிசகினால் ஷூவைக் கழற்றாமல் அப்படியே துண்டால் இறுக்காமல் கட்டி, இரண்டு பேர் தோள் கொடுத்து இறக்குங்கள். பாம்பு தீண்டினால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம்; கடிபட்ட காலை அசைக்காமல், நடக்கவிடாமல் தூக்கி இறக்கி, நேரே மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

இறங்கிய பிறகு காலில் தெம்பு இருந்தால் மலையைச் சுற்றி மறுபக்கம் செட்டிப்புடவு என்ற குகைக்கு வாருங்கள். குகைக்கு வெளியே பாறையில் பெரிய தீர்த்தங்கரர் உட்கார்ந்திருக்கிறார். நீண்ட காதைப் பார்த்து ஊர்க்காரர்கள் செட்டியார் என்று சொல்லிச் சொல்லி இடத்துக்கே அந்தப் பெயர். உள்ளே, வளைந்த கூரையில் ஐந்து சிற்பங்கள். முதலாவதில் சிங்கத்தின் மேல் ஒரு பெண் வில்லோடு, எதிரே யானைமேல் வாளும் கேடயமுமாக ஒரு ஆண். குகை சின்னது, தலையை நிமிர்த்தினால் இடிக்கும், ஒரே நேரத்தில் நாலு பேருக்கு மேல் போகாதீர்கள். இங்கும் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால்தான் அந்தச் சிங்கத்தின் முகம் தெரியும்.